கடைசி வரிசைக்கும் கேட்கும்படி

எங்கள் மாடியில் குடியிருந்த தாசில்தார் அம்மாவிடம் எதையும் பாதிக் காதில் வாங்கிக்கொண்டு தப்பித்துவிட முடியாது.

“நாளைக்கு முனிசிபல் தண்ணி வராதாம். கேட்டுச்சா?”

“கேட்டுச்சு மேடம்.”

“என்ன கேட்டுச்சு?”

அந்த இரண்டாவது கேள்விதான் அவர். முதல் கேள்வியை எல்லோரும் கேட்பார்கள். தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். இவரிடம் அது நடக்காது. நாளைக்குத் தண்ணீர் வராது என்பதை நம் வாயால் திருப்பிச் சொன்ன பிறகே அடுத்த படியில் கால் வைப்பார். சிலிண்டர் கொண்டுவருகிறவர், இஸ்திரி வண்டிக்காரர், அவருடைய ஜீப் ஓட்டுநர் என்று எல்லோரும் ஒருமுறையாவது அவரிடம் ஒப்பித்திருக்கிறார்கள். “அந்தம்மாவுக்குப் பால் ஊத்துததுக்குப் பதிலா பத்தாங்கிளாஸ் பரிச்சையத் திரும்ப எழுதிரலாம்” என்று பால்காரர் புலம்புவார். ஆனால் பாலை ஒருநாளும் மாற்றி ஊற்றியதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த வீட்டின் கீழ்ப்பகுதியில் நானும் அம்மாவும் வாடகைக்கு இருந்தோம். அம்மா ராஜபாளையத்துக்கு வெளியே இருந்த ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தாள். நான் மின்பொறியியல் முடித்துவிட்டு அதே மில்லில் எலக்ட்ரிக்கல் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். அம்மா தொழிலாளி, நான் ஸ்டாஃப். ஒரே மில் பஸ்ஸில் போவோம்; இறங்கிய பிறகு அவளுக்கு ஒரு கேன்டீன், எனக்கு ஒரு கேன்டீன். தாசில்தார் அம்மாவுக்கும் அலுவலகம் ராஜபாளையத்தில்தான். எங்கள் பஸ் போன கொஞ்ச நேரத்தில் அவருடைய ஜீப் கிளம்பும்.

அவரைப் பற்றி நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் எழுதினால் அரைப் பக்கம் வராது. ஐம்பதைத் தாண்டியவர். குள்ளம். தனியாக இருந்தார். குரல் மெலிந்தது, கூப்பிட்டால் மாடியிலிருந்து முற்றத்துக்கு வந்து சேராது. அதனால் எதையும் இறங்கி வந்துதான் சொல்வார். சொந்த ஊர் எது என்று கேட்டால் வேலை பார்த்த ஊர்களை வரிசையாகச் சொல்லி, “இதுல எது பிடிச்சிருக்கோ அத வச்சுக்கோ பாப்பா” என்பார். கணவர் இருக்கிறாரா என்பது தெருவுக்குப் பெரிய கேள்வி. அம்மா ஒருமுறை சுற்றிவளைத்து அந்தப் பக்கம் பேச்சைக் கொண்டுபோனபோது, “நீங்க என்ன கேக்க வந்தீங்கன்னு நேராக் கேளுங்க, சொல்றேன்” என்றாராம். நேராகக் கேட்க அம்மாவுக்கு வாய் வரவில்லை. இரண்டு வருடம்கூட அவர் எங்கள் மாடியில் இருக்கவில்லை. மாற்றல் வந்ததும் சின்ன லாரி ஒன்றில், அதுவும் பாதி நிரம்பாத சாமான்களோடு போய்விட்டார். இப்போது ஓய்வு பெற்றிருப்பார். எங்கே என்று தெரியாது.

என்னை அவர் முதன்முதலில் கூப்பிட்டது ஒரு மெகாஃபோனுக்காக.

“பாப்பா, நீ கரண்டு படிச்சவதானே? இது ரெண்டு வார்த்தைக்கு ஒருக்கா இருமுது. என்னன்னு பாரு.”

அலுவலகத்துக்குச் சொந்தமான பழைய கை மெகாஃபோன். பேட்டரி கசிந்து இணைப்புத் தகட்டில் பச்சை பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, விட்டுப்போன ஒரு கம்பியைப் பற்றவைத்துக் கொடுத்தேன். சரியாகிவிட்டது என்றேன். அவர் நம்பவில்லை.

“எம்புட்டுத் தூரம் கேக்கும்?” எங்கள் ஊருக்கு வந்த கொஞ்ச நாளில் ‘எம்புட்டு’ அவர் வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

“நல்லாக் கேக்கும் மேடம்.”

“நல்லாங்கறது எத்தன வீடு?”

எனக்குத் தெரியவில்லை. தெருமுனைக்குப் போய் நிற்கச் சொன்னார். அவர் மாடியிலிருந்து பேசுவார். கேட்டால் நான் கையைத் தூக்க வேண்டும். கேட்டது என்ன என்று திரும்பி வந்து சொல்ல வேண்டும். நான் போய் நின்றேன். என்ன பேசுவது என்று அவர் முன்கூட்டி யோசிக்கவில்லை போல. வேலையில் பழகிய வாசகமே வாயில் வந்துவிட்டது.

“இங்கே சட்டவிரோதமாகக் கூடியிருக்கும் அனைவரும் உடனடியாகக் கலைந்து செல்லுமாறு உத்தரவிடப்படுகிறது.”

முனையில் ரேஷன் கடை நிழலில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டையும் செருப்பையும் போட்டுவிட்டு ஓடினார்கள். ஒருவர் வாய்க்காலைத் தாண்டும்போது வேட்டி தடுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி ஓடினார். மூன்றாம் வீட்டுக்காரர் காதுகுத்துக்கு வந்திருந்த விருந்தாளிகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். நான் கையைத் தூக்கினேன்.

சாயங்காலம் சீட்டாட்டக்காரர் ஒருவர் முறையிட வந்தார். “தாயி, ஞாயித்துக்கெழம சும்மா பொழுதுபோக்குக்கு ஆடுதோம். துட்டுகூட வைக்கல. அதுக்குப் போயி மைக்கு வச்சு வெரட்டுவீகளா?”

“அதை விடுங்க. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சா?”

“கொளத்தங்கர வரைக்கும் கேட்டுருக்கும்!”

தாசில்தார் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. வந்தவருக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பினார். சண்டைக்கு வந்தவர் தம்ளரோடு எங்கள் வாசலில் நின்று, “இந்தம்மாவ என்ன சொல்லன்னு தெரியலையே” என்றார் அம்மாவிடம்.

அந்த வாசகத்தைப் பற்றிப் பிறகொரு நாள் கேட்டேன். வெள்ளைக்காரர்கள் ஆண்டபோது உண்டான நடைமுறை என்றார். நகரங்களில் கடையடைப்பு, ஊர்வலம், மில்லில் வேலைநிறுத்தம் என்று ஜனங்கள் கூடினால், போலீஸுக்கு முன்னால் ஓர் அதிகாரி வந்து நின்று கலைந்து போகச் சொல்வார். அதன் பிறகு தடி. தடிக்கும் மசியாவிட்டால் துப்பாக்கி. குதிரையில் வந்தவர்கள் போய் ஜீப்பில் வருகிறவர்கள் வந்தார்கள். ஆங்கிலம் போய்த் தமிழ் வந்தது. வரிசை மட்டும் அப்படியே இருக்கிறது. கூட்டத்தின் கவனத்தைத் திருப்ப முதலில் ஊதும் பித்தளை ஊதுகுழல்கூட இன்னும் இருக்கிறது என்றார்.

“அவங்க போன பொறவும் ஏன் மேடம் இத வச்சிருக்கோம்?”

“ஆளுறவங்களுக்கு வசதியா இருக்குல்ல, அதான். ஆனா ஒண்ணு பாரு. இத எழுதுனவன் கூட்டத்தக் கண்டு பயந்தவன். அடிக்கிறதுக்கும் வழி வச்சான், நாளைக்கு எவனாவது கேள்வி கேட்டா தப்பிக்கிறதுக்கும் வழி வச்சான். அதுக்குத்தான் மொதல்ல சொல்லு, பொறவு அடின்னு போட்டுருக்கான். அந்த ‘மொதல்ல சொல்லு’ இருக்கே, அது ஒண்ணுதான் அதுல நமக்குன்னு இருக்கு.”

அன்று அவர் பேசுகிற மனநிலையில் இருந்தார். வேறொரு மாவட்டத்தில் பதவி உயர்வு கிடைத்த புதிதில் நடந்த ஒரு சாலை மறியலைச் சொன்னார். இவர் வாசித்தார். முன்னால் இருந்தவர்களுக்குக் கேட்டது, எழுந்து ஓரமாகப் போனார்கள். பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. அவர்கள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். “அடி வாங்குனது பூராம் பின்னால இருந்தவங்க. ஆஸ்பத்திரிக்குப் பாக்கப் போனேன். கையில கட்டோட ஒரு அம்மா, ‘அன்னைக்கு நீங்க என்ன சொன்னீங்க?’ன்னு கேட்டாங்க. கோவமாக் கேக்கல. நெசமாவே தெரியாமக் கேட்டாங்க.” காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த வருடக் கடைசியில் எங்கள் மில்லில் வேலைநிறுத்தம் வந்தது.

அம்மா சைடர். நூற்கும் இயந்திரத்துக்கு இரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் நூலைச் சுற்றிக்கொண்டு வரிசையாகக் கதிர்கள் சுழலும். இழை அறுந்த கதிரைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டே நடப்பதுதான் சைடரின் வேலை. ஓர் ஆளுக்கு இரண்டு பக்கம் என்று இருந்ததை நிர்வாகம் மூன்று ஆக்கியது. கூடவே கதிர்களின் வேகத்தையும் கூட்டியது. தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் இழைகள் அறுந்து தொங்கும், அறுந்தால் மெமோ. முத்துமாரி என்ற பெண், மூன்றாம் பக்கத்தைப் பார்க்க முடியாது என்று சொன்னாள். அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். மறுநாள் காலை ஷிஃப்டுக்கு வந்த பெண்கள் கேட்டுக்கு வெளியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

அம்மா வெளியே, நான் உள்ளே. ஸ்டாஃப் வேலைக்கு வராவிட்டால் பயிற்சி ரத்து என்று சொல்லியிருந்தார்கள். காலையில் கேட்டைத் தாண்டும்போது அம்மா என்னைப் பார்க்காத மாதிரி இருப்பாள். “நீ போ, எனக்காக நீ ஒண்ணும் வெளிய நிக்க வேண்டாம்” என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

சில நாட்களில் கேட் பக்கத்துச் சுவரில் நூற்று நாற்பத்து நான்கு தடை உத்தரவை ஒட்டினார்கள். இப்போது அந்தப் பிரிவின் எண் மாறிவிட்டது என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இன்னும் நூத்திநாப்பத்திநாலுதான். ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது. கீழே தாசில்தார் அம்மாவின் கையெழுத்து.

அம்மா அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. “நம்ம மாடியில இருக்கவ கையெழுத்துல்லட்டி அது!” என்று மட்டும் சொன்னாள். அதுவரை தாசில்தார் அம்மாவை ‘அவிய’ என்பாள். அன்று முதல் ‘அவ’. எனக்கும் கசப்பாகத்தான் இருந்தது. மெகாஃபோனைப் பழுது பார்த்துக் கொடுத்தவள் நான்தானே என்று தோன்றியது.

அவரே இறங்கி வந்தார். எங்கள் வாசலில் நின்று, “உத்தரவு ஒட்டிருக்கு. வாசிச்சீங்களா?” என்றார்.

“வாசிச்சேன்” என்றாள் அம்மா.

“என்ன வாசிச்சீங்க?”

“அஞ்சு பேருக்கு மேல கூடக்கூடாதுன்னு வாசிச்சேன். அஞ்சு பேராப் போயி நின்னா எங்கள யாரு தாயி திரும்பிப் பாப்பா? நீங்க பாப்பீகளா?”

 அவர் படியேறிப் போனார்.

மறுநாள் பெண்கள் நான்கு நான்கு பேராகப் பிரிந்து, ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். மில்லிலிருந்து முக்குரோடு வரைக்கும் வரிசை நீண்டது. “நாலுதான் சார், எண்ணிப் பாருங்க” என்று காவலர்களிடம் சொல்லிச் சிரித்தார்கள். இரண்டு கூட்டங்களுக்கு நடுவே புளியோதரைப் பொட்டலம் பந்து மாதிரிப் பறந்தது.

அந்தச் சிரிப்பு லாரி கிளம்பும் வரைதான். வெளிநாட்டுக்குப் போக வேண்டிய நூல் உள்ளே கட்டிக் கிடந்தது. அதை ஏற்றிய லாரி ஒரு காலையில் கேட்டை நோக்கி வந்ததும், நான்கு நான்காக இருந்தவர்கள் எழுந்து ஒன்றாகி, கேட்டை அடைத்து உட்கார்ந்தார்கள். முன் வரிசையில் அம்மா. வெளியூரிலிருந்து பாதுகாப்புக்கு வந்திருந்த போலீஸ் அதிகாரி ஆட்களை இறக்கினார். தலைக்கவசம், கேடயம், நீளத் தடி. நான் கேட்டை ஒட்டிய டைம் ஆபீஸில் வருகைப்பதிவு இயந்திரத்தைப் பார்க்க வந்தவள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜீப் வந்தது. தாசில்தார் அம்மா இறங்கி முன் வரிசைக்கு எதிரே வந்து நின்றார். ஒரு காவலர் ஊதுகுழலை எடுத்து ஊதினார்.

“ஏட்டி, மாப்பிள அழைப்பா?” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்து உடனே அடங்கியது. எல்லோருக்கும் பயம் இருந்தது.

தாசில்தார் அம்மா மெகாஃபோனில் வாசித்தார். வாசித்து முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து, அம்மாவோடு வேலை பார்க்கும் பேச்சியம்மாள் அக்கா கத்தினாள். “கேக்கல!”

மறுபடி வாசித்தார். இந்த முறை கூட்டம் மொத்தமும், “கேக்கல!”

“நல்லாக் கேட்டுருச்சு மேடம். வேணும்னே கத்துறாங்க. உங்க வேல முடிஞ்சது, நீங்க ஒதுங்குங்க. மத்தத நாங்க பாத்துக்கறோம்” என்றார் போலீஸ் அதிகாரி.

“கேக்கலன்னு இத்தன பேர் சொல்றப்ப, கேட்டுச்சுன்னு நான் எப்படிச் சார் சொல்றது?”

“அதுக்கு?”

“போய்ச் சொல்லிட்டு வாரேன்.”

மெகாஃபோனை ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, கூட்டத்தைச் சுற்றி நடந்து கடைசி வரிசைக்குப் போனார். பேச்சியம்மாள் அக்காவுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். அங்கே பேசியது எனக்கு ஜன்னலில் கேட்கவில்லை. பேச்சியம்மாள் அக்கா பிறகு பல நாள் நடித்துக் காட்டியதைத்தான் எழுதுகிறேன்.

“கலைஞ்சு போகச் சொல்லி உத்தரவு. கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“என்ன கேட்டுச்சு?”

“கலைஞ்சு போகணும்னு சொல்லுதீக. போயி? நாளைக்கு மூணு பக்கம் பாக்கணும். தண்ணி குடிக்கப் போனா இழை அந்துரும். அந்தா மெமோ. பொறவு நானும் முத்துமாரி மாதிரி வெளிய நிக்கணும். இது உங்களுக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“என்ன கேட்டுச்சு?” என்றாள் பேச்சியம்மாள் அக்கா. பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அவர் சிரிக்கவில்லை. கோபமும் படவில்லை. “சொல்றேன், தப்பா இருந்தா திருத்துங்க” என்று, மூன்று பக்கம், தண்ணீர், அறுந்த இழை, மெமோ, முத்துமாரி என்று ஒன்றுவிடாமல் சொன்னார்.

“ஒண்ணுக்குப் போகவும் நேரமில்ல. அத விட்டுட்டீக.”

“அத நீங்க இப்பத்தான் சொல்றீங்க. சேத்துக்கறேன்.” மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

“எங்க மேஸ்திரிகூட இம்புட்டு ஒழுங்கா ஒருநாளும் கேட்டுக்கிடல” என்று பேச்சியம்மாள் அக்கா இன்றைக்கும் சொல்வாள்.

அப்படியே ஒவ்வொருவராக நகர்ந்தார். உத்தரவைச் சொல்வார், அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். பிறகு அவர்கள் சொல்வார்கள். இவர் திருப்பிச் சொல்வார். ஒரு பெரியம்மாவிடம், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர் என்று யாரோ சொன்னதால், தனக்குத் தெரிந்த தெலுங்கில் ஏதோ கேட்டிருக்கிறார். “அம்மா, நீங்க தமிழ்லயே கேளுங்க. அதுதான் எனக்குப் புரியுது” என்றாராம் பெரியம்மா. அந்தச் சிரிப்பு மட்டும் டைம் ஆபீஸ் வரை வந்தது.

வெயில் ஏறியது. தடியோடு நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தலைக்கவசத்தைக் கழற்றினார்கள். போலீஸ் அதிகாரிக்குப் போன் மேல் போன் வந்தது. கடைசியில் அவரே கூட்டத்துக்கு நடுவில் போய், “மேடம், மேல கேக்கறாங்க. நான் என்ன சொல்லட்டும்?” என்றார்.

“தாசில்தார் உத்தரவு சொல்லிக்கிட்டு இருக்காங்க, இன்னும் முடியலன்னு சொல்லுங்க.”

“இப்படியே சாயங்காலம் ஆயிரும் போலயே!”

“ஆகட்டும் சார். அடிச்சா அதுக்கு அப்புறம் இது அடங்க எத்தன நாளாகும், நெனச்சுப் பாருங்க.”

முன் வரிசைக்கு வந்தபோது அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்தார். இது ஜன்னலுக்குப் பக்கம். எல்லாம் எனக்குக் கேட்டது.

“உங்களுக்கும் சொல்லணும்” என்றார்.

“சொல்லுங்க.”

சொன்னார். அம்மா உத்தரவில் இருந்த அச்சுத் தமிழிலேயே ஓர் எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். பிறகு, “இப்ப நான் சொல்லுதேன். எம் மக உள்ள நிக்கா. அவ பாத்துக்கிட்டு இருக்கும்போது எம்மேல தடி விழக்கூடாது. அதுக்காகவாவது எந்திரிச்சுப் போயிருவோமான்னு காலையில இருந்து தோணுது. ஆனாப் போக மாட்டேன்” என்றாள்.

“உங்க மக பாத்துக்கிட்டு இருக்கும்போது…” என்று தொடங்கிய தாசில்தார் அம்மா பாதியில் நிறுத்தி, ஜன்னலில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, ‘போக மாட்டேன்’ வரை முழுவதையும் சொன்னார். அதன் பிறகே முழங்காலில் கைவைத்து எழுந்தார்.

கேட்டின் சின்னக் கதவைத் திறக்கச் சொன்னார். மேனேஜர் வெளியே வந்தார். பெண்கள் சொன்னதை அவரிடம் எல்லோருக்கும் எதிரில் சொல்லிவிட்டு, “கேட்டுச்சா சார்?” என்றார்.

“கேட்டுச்சு மேடம்.”

“என்ன கேட்டுச்சு?”

மேனேஜரை அதுவரை யாரும் ஒப்பிக்கச் சொன்னதில்லை. “இவங்களுக்கு வேல செய்ய இஷ்டமில்ல. அதுதான் கேட்டுச்சு.”

கூட்டம் கொதித்து எழுந்தது. போலீஸ்காரர்கள் தலைக்கவசத்தைத் தேடினார்கள். தாசில்தார் அம்மா கையை மட்டும் பின்பக்கமாகக் காட்டி அமர்த்தினார். “அத நான் சொல்லல சார். மறுபடி சொல்றேன்.”

சொன்னார். மேனேஜர், “மேடம், இது டெக்னிக்கல் விஷயம். மெஷின் எப்பவும் ஓடுற ஸ்பீடுலதான் ஓடுது. இந்தா, எங்க எலக்ட்ரிக்கல் பொண்ணு இருக்கு, கேளுங்க” என்று ஜன்னலில் நின்ற என்னைக் கைகாட்டினார். நான் யாருடைய மகள் என்பது அவருக்குத் தெரியாது. பயிற்சியில் இருக்கும் பெண் தன் முகத்துக்கு நேராக மாற்றிச் சொல்வாள் என்றும் நினைத்திருக்க மாட்டார்.

“அப்படியா பாப்பா?” என்றார் தாசில்தார் அம்மா.

அம்மா என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவள் தலை லேசாக அசைந்ததைப் பார்த்தேன். “இல்ல மேடம். போன மாசம் ஸ்பீடு கூட்டியிருக்கு. கூட்டுனா இழை கூடுதலா அறும்” என்றேன்.

“பின்னால இருக்கவங்களுக்கும் கேக்கட்டும்.”

இன்னொரு முறை, என்னால் முடிந்த சத்தத்தில் சொன்னேன். பயிற்சி முடிந்ததும் அந்த மில் என்னை நிரந்தரமாக்கவில்லை. செட்டியார்பட்டிப் பக்கம் வேறு மில்லில் சேர்ந்தேன், அங்கேதான் இன்னும் இருக்கிறேன். அன்று அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை.

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மூன்றாவது முறை அவர் சொன்னது சரியாக இருந்தது. “ஒரு ஆளுக்கு மூணு பக்கம், ஸ்பீடும் கூட்டியிருக்கு. தண்ணி குடிக்கவோ பாத்ரூம் போகவோ நேரம் கிடைக்கல. ரெண்டு பக்கமாக் கொறைக்கணும், முத்துமாரிய எடுக்கணும். அப்படின்னு கேக்கறாங்க.”

கேட்டுக்கு உள்ளிருந்து அந்தச் சொற்கள் வெளியே வந்ததை அந்தப் பெண்கள் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. பிறகு கடைசி வரிசையிலிருந்து பேச்சியம்மாள் அக்கா, “கேட்டுச்சு!” என்றாள்.

அதற்குப் பிறகு நடந்தது சாதாரணமானது. விருதுநகரிலிருந்து தொழிலாளர் துறை அதிகாரி வந்து சேர்ந்தார். டைம் ஆபீஸில் நாற்காலி போட்டார்கள். மூன்று பெண்கள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள், அம்மா அதில் ஒருத்தி. ஓர் ஆளுக்கு இரண்டு பக்கமே என்று முடிவானது. முத்துமாரியைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக ஒத்துக்கொண்டார்கள். வேகத்தைக் குறைக்க மட்டும் மேனேஜர் இறங்கி வரவில்லை. அதை அடுத்த மாதம் பேசுவது என்று வைத்தார்கள். அதற்கு இன்னொரு போராட்டம் தேவைப்பட்டது. அப்போது எங்கள் மாடியில் வேறு யாரோ குடியிருந்தார்கள்.

பேச்சு முடிந்து அவர்கள் வெளியே வந்தபோது நிழல் சாய்ந்திருந்தது. போலீஸ் அதிகாரி நிம்மதியாகக் கூட்டத்தைப் பார்த்து, “அதான் எல்லாம் முடிஞ்சதே. இப்பவாவது கலைஞ்சு போவீங்கல்ல?” என்றார்.

அம்மா சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். “எங்க சார் போக? காலை ஷிஃப்டுதான் போச்சு, ரெண்டாம் ஷிஃப்டு இருக்குல்ல.”

மில் சங்கு ஊதியது. காவலாளிகள் பெரிய கேட்டை இரண்டு பக்கமும் தள்ளித் திறந்தார்கள். தடி வைத்திருந்தவர்கள் வழிவிட்டு ஒதுங்க, லாரியும் ஓரமாக நிற்க, பெண்கள் வரிசை வரிசையாக எழுந்தார்கள். யாரோ முத்துமாரியை முன்னால் தள்ளிவிட்டார்கள். அவள் தயங்கி நின்று தாசில்தார் அம்மாவைப் பார்த்தாள். அவர் கேட் ஓரத்தில், போகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார். கடைசி வரிசை உள்ளே வரும் வரை அங்கிருந்து நகரவில்லை.

காலையிலிருந்து கலைக்கப் பார்த்த கூட்டம் ஒருவர் குறையாமல் உள்ளே போனது.